வளர்ந்த கிளையும் வளராத கிளையும்

நம் நாட்டுச் சிறுநீரகவியல் (யூராலஜி) கல்வியின் சிக்கனத்தைப் போற்றத்தான் வேண்டும். எம்.பி.பி.எஸ். 5½ ஆண்டு, எம்.எஸ். 3 ஆண்டு, எம்.சி.எச். 3 ஆண்டு என்று 11 ஆண்டுக்கு மேல் ஒருவரைப் படிக்க வைக்கிறது. கல் உடைக்கவும், புராஸ்டேட்டைச் செதுக்கி எடுக்கவும், சிறுநீரகத்தை மாற்றி வைக்கவும் கற்றுத்தருகிறது. அறுந்துபோன சிறுநீர்த்தாரையை மறுபடி கட்டியெழுப்பும் வேலையில் மட்டும் மாணவரின் கையை அதிகம் நோகவிடுவதில்லை. அதற்கென்று தனி எம்.சி.எச். பட்டம் வைத்துக் குழப்பவும் இல்லை. விருப்பமுள்ளவர் எல்லாப் பட்டமும் வாங்கிய பிறகு, வீட்டுக்குச் சம்பாதிக்க வேண்டிய வயதில், ஓர் ஆசானைத் தேடிப் போய் நின்று கற்றுக்கொள்ளலாம். அப்படிப் போகிறவர் சிலரே. அந்தச் சிலரும் எங்கேயோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் மாவட்டங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் அன்பு நோயாளியிடம் இன்னும் நன்றாகத் தெரியும். தாரையில் தழும்பு விழுந்து நீர் பிரியாமல் ஒருவர் வருகிறார். உள்நோக்கிக் குழாயை விட்டுத் தழும்பை உள்ளிருந்தே கீறிவிடுகிறார்கள். சிறிது நேர வேலை, மேலே ஒரு தையல்கூடக் கிடையாது, டியூப்போடு ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம். சில மாதத்தில் தாரை மறுபடி சுருங்குகிறது. திரும்ப வருகிறவரிடம் யாரும் முகம் சுளிப்பதில்லை, மறுபடி கீறுகிறார்கள். மூன்றாம் முறையும் அதே பரிவு. ஒருமுறை கீறித் தோற்ற பிறகு மறுபடி மறுபடி கீறாமல் திறந்து சீரமைக்கும் யூரித்ரோபிளாஸ்டிக்கு வழிகாட்டுங்கள் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் பரிவு அதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை. ஒவ்வொரு கீறலும் தழும்பை நீட்டுகிறது. நீண்ட தழும்பை எடுத்துவிட்டு இரு முனைகளைச் சேர்த்துத் தைக்க முடியாது, கன்னத்தின் உட்பக்கச் சவ்வை எடுத்து ஒட்டுப் போட வேண்டியிருக்கும். புகையிலை மென்று வாய்ச் சவ்வே கெட்டுப்போனவர்கள் நிறைந்த நாட்டில், அந்தக் கடைசித் துணியையும் சேர்த்தே தேட வேண்டும்.

சரியான கைக்கு அனுப்பு என்றால், அனுப்ப இடம் வேண்டுமல்லவா? அமெரிக்காவிலேயே 2007இல் வெளியான ஓர் ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட சிறுநீரகவியலாளர்கள் யூரித்ரோபிளாஸ்டி செய்வதே இல்லை என்று தெரிந்தது. செய்யாதவருக்குத் தெரிந்தது கீறல். ஆகவே கீறுகிறார். தனி மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

புனேயைப் பற்றிப் பெருமையோடு சொல்ல வேண்டும். முழுத் தாரையும் சுருங்கியவருக்கு ஒரு பக்கமாக மட்டும் பிரித்து வாய்ச்சவ்வை வைத்துத் தைக்கும் முறையை டாக்டர் சஞ்சய் குல்கர்ணி 2009இல் எழுதினார். இத்தாலியின் பார்பக்லி 1996இல் காட்டிய மேல்பக்க ஒட்டு முறையின் தொடர்ச்சி அது. வெளிநாட்டு மருத்துவர்கள்கூட இங்கே வந்து கற்கிறார்கள். இவ்வளவு பெரிய அறிவைப் பரவிவிடாமல் பத்திரமாகச் சில இடங்களுக்குள்ளேயே வைத்திருக்கும் நம் காவலை எப்படிப் பாராட்டுவது! பீகாரில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, அதோடு தாரையும் அறுந்தவன் ரயில் ஏறிப் போகலாம். தொப்புளுக்குக் கீழே டியூப், தொடையோரம் மூத்திரப் பை, பக்கத்தில் இருப்பவருக்கு வாடை தெரியுமோ என்ற பயம். இருபது வயதுதான் இருக்கும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது, வேலைக்கு எடுப்பார்களா என்று அவன் வீட்டில் பேசுவதை ஒருமுறை கேட்டவர், இந்தச் சிக்கனத்தை அப்புறம் எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்.

அவனுக்கு முதல் அறுவை சிகிச்சைதான் நல்ல வாய்ப்பு. அறுந்த முனைகளை மூன்று மாதம் பொறுத்து, தழும்பை முழுசாக நீக்கி, இழுப்பில்லாமல் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாளுக்குப் போதும். அது தோற்றுவிட்டால் அடுத்தவர் செய்வது பலமடங்கு கடினம். அந்த முதல் வாய்ப்பையே பழகாத கைக்குக் கொடுத்து, தோற்றதைப் பழகிய கைக்கு அனுப்பும் தாராளம் வேறு எங்கே கிடைக்கும்?

இதை மாற்றப் பெரிய கட்டடமோ ரோபோவோ வேண்டாம். வலுவான அரசு மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஒரு மூத்தவருக்கு இந்த வேலையை மட்டும் ஒதுக்க வேண்டும். அவருக்குப் பின்னால் எம்.சி.எச். முடித்த ஒருவர் முழுச் சம்பளத்தோடு ஓராண்டு நிற்க வேண்டும். இரண்டாம் முறை கீறுவதற்கு முன் அங்கே அனுப்பிக் கேட்பது கட்டாயமாக வேண்டும். ஒரு மருத்துவருக்கு ஓராண்டுச் சம்பளம். அதையும் இத்தனை காலமாகச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்து வந்திருக்கிறார்கள்.