எர்த் இல்லீங்ணா

எங்கள் தாத்தாவின் லாரிக்கு இண்டிகேட்டர் இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. இருந்திருந்தாலும் அது எரிந்து பார்த்தவர் இல்லை. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் க்ளீனர் ஜன்னல் வழியே கையை நீட்டுவார். வலது பக்கத்துக்குத் தாத்தாவின் கை. இரண்டுக்கும் ஒயரிங் கிடையாது, பியூஸ் கிடையாது. ஆன செலவெல்லாம் பீடிதான்.

வண்டி 1966-ம் வருடத்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ். 1954-ல் டாடாவின் டெல்கோ கம்பெனி ஜெர்மன்காரர்களோடு கூட்டுச் சேர்ந்தது. 1969-ல் அந்தக் கூட்டு முடிந்ததும் மூக்கில் இருந்த மூன்று முனை நட்சத்திரமும் போயிற்று. எங்கள் வண்டி முன்னாலேயே பிறந்துவிட்டதால் அதற்கு நட்சத்திரம் உண்டு. அந்த நட்சத்திரத்தில் மயங்கித்தான், சங்ககிரிப் பக்கம் தோட்டத்தில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த லாரியை மீட்டு, ஒன்றரை வருடம் பட்டறையில் போட்டேன். "இந்தக் காசுக்கு ரெண்டு எருமை வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்றாள் மனைவி. எருமைக்கு நட்சத்திரம் கிடையாதே என்றேன். எருமைக்கு இண்டிகேட்டரும் வேண்டாம் என்றாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வண்டி வந்தது. பெயின்டர் மூன்று கோட் அடித்திருந்தார். சேசிஸில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பெருமையோடு கேபினில் ஏறி இடது இண்டிகேட்டரைப் போட்டேன். இடது பக்கம் பின்னால் எரியவில்லை. பார்க்கிங் விளக்குகள் நான்கும் மங்கலாக விழித்தன. பிரேக்கை மிதித்தேன், அவை இன்னும் கொஞ்சம் விழித்தன. ஹெட்லைட் சுவிட்சை நான் தொடவே இல்லை. ஐந்தாவது படிக்கும் என் மகன் பின்னால் நின்று, "அப்பா, வண்டிக்குச் சாமி வந்திருச்சு" என்று அறிவித்தான்.

நான் பட்டதாரி. அதனால் இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் ஃபிளாஷரைச் சந்தேகித்தேன். அந்தத் தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் இருப்பது ஒரு சூடாகும் தகடு. மின்சாரம் பாய்ந்தால் சூடாகி வளையும், தொடர்பு அறும். ஆறினால் நிமிரும், தொடர்பு வரும். கோபக்கார மாமனார் மாதிரி. 21 வாட் பல்புகள் இரண்டும் ஒழுங்காக இழுத்தால்தான் அதற்குச் சூடேறும். புது ஃபிளாஷர் வாங்கினேன்; பயனில்லை. இன்னொன்று வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டீ சொல்லத் தொடங்கினார்.

அவர் பேச்சைக் கேட்டு எல்.இ.டி. பல்பு போட்டேன். முன்பக்கம் எரிந்தது, சிமிட்டவில்லை. எல்.இ.டி. இழுக்கிற துளி மின்சாரத்தில் மாமனாருக்குக் கோபமே வரவில்லை. எலெக்ட்ரானிக் ஃபிளாஷருக்கு மாறினேன். பல்பு போய்விட்டது என்று அது தவறாகப் புரிந்துகொண்டு படபடவென்று அடித்தது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் சிமிட்ட வேண்டும் என்பது விதி. என்னுடையது கல்யாண வீட்டுச் சீரியல் செட். பழைய பல்புகளையே திரும்ப மாட்டினேன். சுவிட்சைக் கழற்றினேன். அதிலிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளி வைக்கோலுக்குள் போனது, இன்றுவரை வரவில்லை.

கடைசியில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒரு பையன் மொபெட்டில் வந்தான். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. பின்னால் குந்தி, ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை விளக்குப் பெட்டியின் தகரத்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்தான். இண்டிகேட்டர் டிக் டிக் என்று சிமிட்டியது. பார்க்கிங் விளக்குகள் அடங்கிப்போயின.

"எர்த் இல்லீங்ணா."

பல்புக்கு ஒரு ஒயர்தான் போகிறது. திரும்பி வர வழி வண்டியின் இரும்பு. அந்த இரும்பைத்தான் நான் காசு கொடுத்து மூன்று கோட் பெயின்டால் மூடியிருக்கிறேன். போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல், பெட்டிக்குள் பக்கத்தில் இருந்த டெயில் லைட்டின் இழை வழியாகப் பின்வாசலில் நுழைந்து, பார்க்கிங் ஒயரில் ஊர் சுற்றி, மற்ற விளக்குகள் வழியாக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. சாமி வந்த ரகசியம் இதுதான்.

பையன் உப்புத்தாளை எடுத்தான். பெட்டி உட்காரும் இடத்தில், என் கண்ணெதிரே, அந்தக் கண்ணாடி மாதிரி பெயின்டை ரூபாய் நாணய அளவுக்குத் தேய்த்தான். என் பல்லில் தேய்த்த மாதிரி இருந்தது. கொஞ்சம் கிரீஸ் தடவி, போல்ட்டை முடுக்கினான். கூலி 200 ரூபாய். அதுவரை நான் வாங்கிய ஃபிளாஷர், பல்பு, சுவிட்சுகளின் கணக்கை மனைவி இதைப் படிப்பாள் என்பதால் எழுதவில்லை.

அடுத்த வாரம் கோயில் நோன்பிக்கு வண்டியை எடுத்தேன். தாத்தாவின் பழைய க்ளீனர், இப்போது எண்பதைத் தாண்டியவர், பக்கத்தில் உட்கார்ந்தார். தோட்டத்துப் பாதை வலது பக்கம். கம்பீரமாக வலது இண்டிகேட்டரைப் போட்டேன், அழகாகச் சிமிட்டியது. பின்னால் வந்த டவுன் பஸ், ஹாரனை அலறவிட்டபடி வலது பக்கமே முந்திக்கொண்டு போனது. நான் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன்.

"லாரிக்காரன் அந்த லைட்டைப் போட்டா 'முந்திப் போ'ன்னு அர்த்தம் கண்ணு" என்றார் பெரியவர். "கையை நீட்டு."

நீட்டினேன். அடுத்து வந்தவன் நின்றான்.

ஆனாலும் 200 ரூபாய் கொடுத்திருக்கிறேன், இண்டிகேட்டரையும் போடாமல் விடமாட்டேன். ஆகவே, சங்ககிரிச் சாலையில் நட்சத்திரம் வைத்த பழைய லாரி ஒன்று வலது பக்கம் சிமிட்டினால், ஐயா, அது நான்தான். உண்மையிலேயே திரும்பப் போகிறேன். முந்தாதீர்கள்.