கிடாருக்கு இடுப்பு, எனக்குத் தொப்பை

மின்கிடார் விற்கிறவர்கள் ஓர் உண்மையைச் சத்தமாகச் சொல்வதில்லை. அதன் உருவத்துக்கும் ஓசைக்கும் பெரிய உறவு கிடையாது. சாதாரண கிடாரில் மேற்பலகையும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்ந்தால்தான் பாட்டு. மின்கிடாரில் கம்பியின் அதிர்வைக் கீழே இருக்கும் பிக்கப் பிடித்து, மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பிவிடும். பிக்கப்பில் இருப்பது காந்தம். அதற்குக் கண் இல்லை. பலகை நெளிந்திருக்கிறதா, கூராக நீட்டியிருக்கிறதா என்றெல்லாம் அது விசாரிக்காது.

கேட்க வருகிறவர்களுக்குத்தான் கண் உண்டு. அமெரிக்கக் கிடார் கலைஞர் லெஸ் பால் 1940-ஐ ஒட்டி, நாலங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி வாசித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. வேறொரு கிடாரை அறுத்து, அதன் விலாக்களைக் கட்டையின் இருபுறமும் பொருத்திக்கொண்டு போனார். கூட்டம் ரசித்தது. இதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஓசை பழைய ஓசைதான். இடுப்பு வந்ததும் மதிப்பு வந்துவிட்டது.

நான் திருவிழா மேடைகளில் பேஸ் கிடார் வாசிக்கிறவன். பாடகருக்குக் கைதட்டல், கீபோர்டுக்காரருக்கு விசில். பேஸ்காரன் வாசிப்பதை நிறுத்தினால்தான் அவன் இருந்ததே ஊருக்குத் தெரியும். ஆகவே உருவத்தை நம்பிப் பிழைக்க வேண்டியவன் நான்தான்.

முதலில் மனம் போனது தலையில்லாத பேஸ் மேல். நெட் ஸ்டைன்பெர்கர் வடிவமைத்து 1980-களில் புகழ்பெற்ற ஜாதி அது. முறுக்காணிகள் அடிப்பக்கம் போய்விடும், உடம்பு ஒரு சின்னப் பெட்டி. அந்த மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு பிள்ளைச்சாவடிக் கடற்கரைப் பக்கமாக நடந்து வந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாப்பா, படகே இல்லாம துடுப்பு வாங்கியாந்துட்ட?" மீனவக் குப்பத்தில் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அன்றைக்கே அது பரணுக்குப் போனது.

அடுத்த ஆசை, கிப்சன் கம்பெனி 1958-இல் இறக்கிய ஃப்ளையிங் வி. நின்று வாசித்தால் வாசிப்பவன் ராக்கெட்டில் வந்து இறங்கியவன் போலத் தெரிவான். நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையை விட்டு வழுக்கும். இது செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. முதல் மாடலிலேயே வழுக்காமலிருக்க விளிம்பில் வரிவரியான ரப்பர் பட்டை ஒட்டிவிட்டார்கள். எங்கள் ஆர்கெஸ்ட்ராவிலோ பாதி ராத்திரிக்கு மேல் எல்லாருக்கும் நாற்காலிதான். அந்த ஆசையும் போயிற்று.

வடிவத்தில் வாசிப்பவனின் உடம்பை நினைத்துப் பார்த்தவர் கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர். அவருடைய முந்தைய கிடாரான டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று கலைஞர்கள் முணுமுணுத்தார்கள். 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் முதுகைக் குடைந்து, முன்கை படியும் இடத்தைச் சரித்துவிட்டார்கள். ஃபெண்டர் கம்பெனியின் பேஸ் கிடார்களில் மேல்கொம்பு நீண்டிருப்பதும் வெறும் சிங்காரமில்லை. ஸ்ட்ராப்பை அங்கே மாட்டினால்தான் கழுத்து கனத்துத் தலைகுப்புறச் சாயாது.

இப்போது என்னிடம் இருப்பது அந்த அச்சில் செய்த, நல்ல சிவப்பு நிற பேஸ். முதுகில் வயிற்றுக்கென்று குழியும் உண்டு. ஆனால் அந்தக் குழி 1954-ஆம் வருஷத்து வயிற்றுக்கு அளவெடுத்தது. என்னுடையது திருத்திய பெரும்பதிப்பு. ஸ்ட்ராப்பில் தொங்கவேண்டிய பேஸ் தொப்பை மேல் மல்லாந்து படுத்துக்கொள்கிறது. மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்கு விளிம்பு மட்டும்தான் தெரியும். கொம்பு, இடுப்பு, பளபளப்பு எல்லாவற்றையும் நானும் சாமியானாவும் மட்டும் ரசிக்கிறோம்.

பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி புத்திசாலி. அவர் இடதுகைக்காரர். வலதுகைக் கிடாரைத் திருப்பிப் பிடித்தால் கொம்பு கோணலாகத் தெரியும் என்று, 1961-இல் ஹாம்பர்க்கில் இருபுறமும் ஒரே மாதிரியான வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸாகப் பார்த்து வாங்கினார். தன் உடம்பை யோசித்து வாங்கியது, அவருக்கே அடையாளமாகிவிட்டது.

நம்மவர்கள் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தார்கள். வெள்ளைக்காரரின் வயலின், கர்நாடக இசைக் கலைஞர் பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம் கச்சேரிக்கு வந்தது. அதை இழைக்கவில்லை, குடையவில்லை. வித்வான் சம்மணமிட்டு, அதன் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொண்டார், வேலை முடிந்தது. யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினையும் சம்மணமிட்டுத்தான் வாசித்தார். வாத்தியத்தைத் திருத்துவானேன், ஆளை மடக்கினால் போதும் என்பது நம் பொறியியல்.

நானும் மடங்கிப் பார்க்கலாம் என்றேன். ஆர்கெஸ்ட்ரா தம்பி தடுத்துவிட்டான். "அண்ணே, நீங்க உக்காந்தா எழுப்ப ரெண்டு பேர் வேணும். நடுப்பாட்டுல ஆளுக்கு எங்க போறது?"

ஆகவே, கிடார் வாங்கப் போகிற தம்பிகளுக்கு ஒரு யோசனை. உருவத்தில் மயங்குங்கள், தப்பில்லை. மயங்கத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். கடைக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றுக்கு எல்லாக் கிடாரும் பொருந்தும்.