ஊர்ப் பெயரே உரைகல்

கேள்வி: வெம்பக்கோட்டை அகழாய்வைப் பற்றி ஒரு நூல் எழுதி, பக்கத்துச் சிவகாசியிலேயே அச்சிட வேண்டும். காசு கேட்காத மென்பொருள் உண்டா?

பதில்: எழுதுவதற்கு லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் தாராளம். ஆனால் தட்டச்சு யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பாமினியில் அடித்த பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். தமிழுக்குக் கண்டம் இங்கேதான். மென்பொருளைச் சோதிக்க வேறெங்கும் போக வேண்டாம். ‘வெம்பக்கோட்டை’ என்று அடித்தால் போதும். ‘வெ’யின் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். ‘கோ’வில் இரட்டைக் கொம்பு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். ‘டை’யின் இணைக்கொம்பும் இடம் மாறக் கூடாது. ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் இந்த ஊர் இடிந்து கிடக்கும். 2024-இல் வந்த 1.6-இல் ஒழுங்காக எழுந்து நிற்கும்.

ஆஃப்செட் அச்சுக்குச் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு வண்ணமாகப் பிரிந்த பிடிஎஃப் தேவை. ஸ்கிரைபஸ் அதைத் தரும், ரைட்டர் தராது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிக்க மறக்கக் கூடாது. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை இரண்டும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை.

மின்னூலாக்கச் சிகில், காலிபர் போதும். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தமிழ் மின்னூல்களை இலவசமாக வெளியிடுகிறது, அருமையான பணி. அந்த உரிமத்துக்கு ஆசிரியர் சம்மதித்தால் அகழாய்வு நூலும் அங்கே சேரலாம்.