எடிஷன் மாமா

ஐ.டி. கம்பெனி உள்ள ஊரிலெல்லாம் ஓர் எடிஷன் மாமா இருப்பார். ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளப் போகிறவர்; பல வருஷமாகக் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டே இருப்பவர். தடை ஒன்றுதான்: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது?

ஒரு புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அட்டையைப் பார்க்க மாட்டார். நேரே பதிப்பு விவரப் பக்கம். 2015-க்கு முந்தையது என்றால் அப்படியே மூடி நீட்டிவிடுவார். "லெட், கான்ஸ்ட் எல்லாம் அந்த வருஷம்தாம்பா வந்துச்சு. இதுல பக்கத்துக்குப் பக்கம் வார்தான் இருக்கும்." அதில் தேறினால், பின்பக்கப் பொருளடைவில் ஆள்காட்டி விரலை ஓட்டி அசிங்க்-அவெய்ட் தேடுவார். அது 2017-இல் வந்த சரக்கு. இல்லையா, அவுட்.

சங்கடம் என்னவென்றால், அவர் சொல்வதெல்லாம் சரி.

டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ‘த குட் பார்ட்ஸ்’? "அருமையான புத்தகம். ஆனா 2008." டேவிட் ஃப்ளானகனின் காண்டாமிருக அட்டைப் புத்தகம் 2020-இல் ஏழாம் பதிப்பு கண்டதே? "வாங்கலாம்னுதான் இருந்தேன். மொழி வருஷா வருஷம் வளருது பாரு, எட்டாவது வரட்டும்." கைல் சிம்ப்சனின் ‘யூ டோன்ட் நோ ஜேஎஸ்’ வரிசையை மட்டும் தொட மாட்டார். தலைப்பைத் தன்னை நோக்கிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

1995-இல் பிரெண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் செய்து முடித்தார். தேர்ந்தெடுக்க அவருக்குப் புத்தகம் இல்லாத சௌகரியம்.

பக்கத்து வீட்டுப் பெண், இன்ஜினியரிங் முதல் வருஷம், வந்து கேட்டாள்: "எதை வாங்கட்டும் மாமா?"

"வாங்கவே வேணாம்மா. மரைன் ஹேவர்பெக்கோட ‘எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்’ நெட்ல இலவசமாவே கிடைக்குது. 2024-லதான் நாலாம் பதிப்பு. அதையே படி."

படிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பயிற்சி: ஹாஷ் குறியை ஒன்று, இரண்டு என ஏழு வரிக்கு அடுக்கி முக்கோணம் வரவழைக்க வேண்டும். அவளுக்கு எட்டு வரி வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினாள்.

மாமா திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எட்டு வரியையும் விரல் வைத்து எண்ணினார்.

"லூப்பை இதுல சரியா விளக்கலம்மா. வேற புத்தகம் பார்த்துச் சொல்றேன்."