முழங்கைக்குக் கீழே

வட்டக்கச்சியில் எங்கள் வயல் இரணைமடு வாய்க்காலை ஒட்டிக் கிடந்தது. சூரியன் வருடத்தில் இரண்டு தரம் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி ஒருதரம், ஓகஸ்ட் கடைசியில் மறுதரம். முதலாவது சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் காலம், மற்றது அருவி வெட்டும் காலம். அம்மா இரண்டுக்கும் வயலில் நின்றா. ஐயாவின் பழைய முழுக்கைச் சேட்டைப் போட்டு, தலையில் துவாய் சுற்றிக்கொண்டுதான் இறங்குவா. ஆனால் கதிரைக் கூட்டிப் பிடிக்க இடைஞ்சல் என்று கையை முழங்கை வரை மடித்துவிடுவா.

நாற்பது தாண்டியதும் அந்தக் கைகளில் மண்ணிறப் புள்ளிகள் வரத் தொடங்கின. பிறகு கன்னத்திலும் வந்தன. “எள்ளுக் கொட்டின மாதிரி இருக்கு, வயசு போகுது” என்று பக்கத்து வளவு ஆச்சி சொன்னா. எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் அம்மாவின் முழங்கைக்கு மேலே, சேட்டு மூடியிருந்த தோலில், ஒரு புள்ளிகூட இல்லை. அந்தத் தோலுக்கும் அதே வயதுதானே. நான் இதைக் கவனித்தது வெகுகாலம் கழித்துத்தான்.

வயதைவிட வெய்யிலுக்குத்தான் இதில் பங்கு அதிகம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினைச் சில கலங்கள் சுரக்கின்றன. ஆண்டுக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டால் அவை சில இடங்களில் அளவுமீறிச் சுரந்து, நிறம் அங்கே திரண்டுவிடுகிறது. எங்கள் கறுப்பு ஓரளவு காவல் செய்வதால் வெள்ளையர்களைவிட எங்களுக்குப் பிந்தி வருகிறது, வராமல் விடுவதில்லை. அவுஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஒரு ஆய்வு நடந்தது. தினமும் வெய்யில் காப்புக் கிறீம் பூசியவர்களின் தோல், நினைத்தபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 வீதம் குறைவாக மூப்படைந்ததாக 2013 இல் அறிவித்தார்கள்.

நம்பூரில் அந்த ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில் எங்களுக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்த காலம். முகத்துக்குப் பயற்றம் மா இருந்தது, தேசிக்காய் இருந்தது. புள்ளி போகும் என்று தேசிப்புளியைத் தேய்த்துக்கொண்டு பெண்கள் நேரே வயலுக்குப் போனார்கள். தேசிக்காயில் உள்ள சில பொருட்கள் வெய்யில் பட்டதும் தோலை எரித்துக் கருக்கும். புள்ளியைப் போக்கப் பூசியதே புதுப் புள்ளியைக் கொண்டுவந்தது. இன்றும் கைத்தொலைபேசியில் அதே வைத்தியத்தை யாரோ சொல்ல, எங்கள் பிள்ளைகள் நம்பிச் செய்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஆனாலும் அந்தக் காலத்தில் நிழல் இருந்தது. விடிய முன்னம் வயலில் இறங்குவோம். வெய்யில் ஏறினால் வாய்க்கால் கரை மருதமரத்தடிக்குப் போய்விடுவோம். வெய்யில் தாழ்ந்த பிறகுதான் மறுபடி வேலை. கிறீம் இல்லாத ஊரில் அதைவிட நல்ல தடுப்பு முறை கிடையாது.

2009 இல் போரின் முடிவில் அதுவும் போனது. முள்ளிவாய்க்கால் மணலிலும், பிறகு செட்டிகுளம் மெனிக் பாமின் தறப்பாள் கூடாரங்களிலும் மரநிழல் என்பதே அரிது. தண்ணீருக்கு வரிசையில் நின்றே எல்லோரும் கருகினோம். யாரும் முகம் பார்க்கவில்லை.

இப்போது வெட்டு மெசின் வந்து எங்கள் வயலை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுகிறது. அக்காவின் மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. இருட்டோடு பஸ் ஏறி இருட்டோடு இறங்குகிறாள். பகல் வெய்யிலை அவள் காண்பதே ஞாயிறுகளில்தான். அவளுக்குத்தான் முகத்தில் ஒரு நிழல் விழுந்தாலும் நித்திரை வராது. கன்னத்தில் மங்கு வந்தபோது லேபல் இல்லாத சின்ன டப்பா ஒன்றை வாங்கிப் பூசினாள். சில கிழமையில் முகம் வெளுத்தது. நிறுத்தியதும் சிவந்து எரிந்து, மங்கு முன்னையைவிடக் கறுத்தது.

அவளை யாழ்ப்பாணத்தில் தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனோம், அம்மாவும் வந்தா. இப்படிப் பேரில்லாத கிறீம்களில் வீரியமான ஸ்ரீறொயிட் இருக்கும், சிலவற்றில் பாதரசமும் இருக்கும் என்று அவர் விளக்கினார். ஸ்ரீறொயிட் தோலை மெலியச் செய்யும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசியவரின் கையால் வீட்டுக் குழந்தைக்கும் போகும். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை 2017 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் அந்த டப்பாக்கள் உலகம் முழுவதும் விற்பனையாகின்றன.

அவளுக்கு எழுதிக் கொடுத்தது எளிய வைத்தியம்: தினமும் எஸ்பிஎப் 30க்குக் குறையாத வெய்யில் காப்புக் கிறீம், அதுவும் மண்ணிறச் சாயம் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், இரும்பு ஒட்சைட்டு கலந்த அந்தச் சாயம் அதைத் தடுக்கும். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்பப் பூச வேண்டும், தொப்பியும் குடையும் வேண்டும். நிறத்தைக் குறைக்கும் ஹைட்றோகுவினோன் கிறீம் கொஞ்ச மாதம் மட்டும், அதுவும் வைத்தியர் பார்வையில். நெடுநாள் பூசினால் அதுவே நீலக்கறுப்பாய்ப் படிந்துவிடும். லேசரும், குளிரால் சுடுவதும் எங்கள் நிறத்தில் வெள்ளைத் தழும்போ புதுக் கறுப்போ விடலாம் என்பதால் கைதேர்ந்தவரிடம் மட்டுமே செய்ய வேண்டும்.

அம்மாவின் கையை உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, “இது ஒண்டும் செய்யாது அம்மா, அப்பிடியே விடுங்கோ” என்றார். பிறகு செருப்பைக் கழற்றச் சொன்னார்.

“காலை ஏன் தம்பி பாக்கிறியள்?”

“எங்கட நிறத்து ஆக்களுக்கு மெலனோமா எண்ட புற்றுநோய் வாறது குறைவு. வந்தால் கூடுதலா உள்ளங்காலிலயும் நகத்துக்குக் கீழயும்தான் வரும்.”

வயலிலும் கச்சான் தோட்டத்திலும் வெறுங்காலோடு உழைத்தவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள். முள்ளுக் குத்திய தழும்பு என்று நினைத்து யாரும் அந்தப் பாதங்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை. புதிதாக வந்த கரும்புள்ளி, ஓரம் ஒழுங்கில்லாமல் பரவுகிறது, நிறம் மாறுகிறது, இரத்தம் கசிகிறது, அல்லது ஒரே நகத்தில் கறுத்த கோடு அகலமாகிறது என்றால் கிறீம் தேடாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.