இன்ஜினோடு குடித்தனம்

எங்கள் வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். மூக்கில்லாத சதுர வண்டி, பக்கவாட்டில் இழுத்து மூடும் கதவு. தமிழ்ப் படத்தில் யாரையாவது கடத்த வேண்டுமென்றால் அதுதான் வந்து நிற்கும். கடத்தப்பட்டவர்கள் ஏன் அப்படி அலறினார்கள் என்பதற்கு என்னிடம் தனி விளக்கம் உண்டு. முன்சீட்டில் உட்கார வைத்திருப்பார்கள்.

மரியாதைக்குரியவர்களை முன்னால் உட்கார வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். இந்த வேனில் அது மரியாதையா தண்டனையா என்று பெரியவர்களுக்கே சந்தேகம். சித்தப்பா தாம்பரத்தில் கம்பீரமாக ஏறுவார். செங்கல்பட்டு வரை மரியாதையைத் தாங்குவார். மதுராந்தகம் வந்ததும், “நான் பின்னாடி குழந்தைங்களோட உக்காந்துக்கறேனே, அதுங்களுக்குக் கதை சொல்லி நாளாச்சு” என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஓடும் இன்ஜினில் கூலன்ட் தண்ணீரே 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். புகை போகும் குழாயின் சூடு அதையும் தாண்டும். அவற்றுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே இருப்பது ஒரு தகர மூடி, ஒரு ரெக்சின் சீட், ஒரு வேட்டி.

போதாக்குறைக்குச் சத்தம். வண்டி 60-ஐத் தொட்டால் உள்ளே பேச்சு நின்று சைகை மொழி ஆரம்பமாகும்.

இரண்டுக்கும் வழி தேடிப் போனபோது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டிச் சாமான் கடைப் பையன் ஒரு ஷீட்டைத் தூக்கிக் காட்டினான். ஒரு பக்கம் கறுப்பு பியூட்டைல் ரப்பர், மறுபக்கம் பளபளவென்று அலுமினியத் தாள். “இதைப் போட்டா ஹீட்டும் வராது, சவுண்டும் வராது சார்.” இரண்டு நோய்க்கும் ஒரே மாத்திரை என்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம். அந்த ரப்பரின் வேலை தகரத்தின் அதிர்வை அடக்குவது. அடக்கிய அதிர்வு எங்கே போகிறது? துளியூண்டு சூடாகிறது! அதாவது, சூட்டைத் தடுக்க வந்தவர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துவிட்டுப் போகிறார். அலுமினியத் தாள் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். மேலே கார்ப்பெட்டை அழுத்தி விரித்துவிட்டால் அது அலங்காரம். சூட்டுக்குத் தனியாக ஃபோம் வேண்டும். காற்றில் வரும் இரைச்சலை நிறுத்த கனமான வினைல் விரிப்பு வேண்டும். பையனிடம் இதையெல்லாம் கேட்டேன். அவன் ஓனரைக் கூப்பிட்டான். ஓனர் டீ சொன்னார்.

இன்னொரு தொழில் ரகசியம்: அதிர்வை அடக்க, தகரத்தில் கால்வாசிப் பரப்பில் ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் தெரியும். ‘டங்’ என்றது ‘தொப்’ என்று ஆகிவிடும். கடையில் மட்டும் தரை, கதவு, கூரை எல்லாவற்றுக்கும் இண்டு இடுக்கு விடாமல் பில் போடுவார்கள்.

எதிர்வீட்டு சார் சிக்கனக்காரர். மொட்டைமாடிக் கசிவுக்குப் போடும் தார் ஷீட்டையே வெட்டித் தன் காரில் ஒட்டினார். ஏப்ரல் வரை நன்றாக இருந்தது. கத்திரி வெயிலில் கார் நின்றபோது அது இளகி நாறியது. ரோட்டுச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று பாடுபட்ட மனிதருக்கு ரோடே உள்ளே வந்துவிட்டது.

எங்கள் வேனைக் கடைசியில் கரை சேர்த்தவர் புதுப்பேட்டை மெக்கானிக் பாய். சீட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைப் பிய்த்துக் காட்டினார். சப்பையாகி, காய்ந்த முறுக்கைப் போல விரலிலேயே உடைந்தது. கேபிள் நுழையும் துளையில் ரப்பர் வளையமே இல்லை. “இவ்ளோ சந்து இருந்தா ஷீட் என்னா பண்ணும் சார்? அனலும் சத்தமும் இப்படித்தான் வருது.” புது பீடிங், புது வளையம், மூடிக்கு உள்பக்கம் தீப்பிடிக்காத ஃபோம். பில்லைப் பார்த்து நானே இரண்டாவது டீ சொன்னேன்.

போனில் டெசிபல் பார்த்தோம். மூன்று குறைந்திருந்தது. கணக்குப்படி ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது. காதுக்கு அந்தக் கணக்கு பிடிபடாது. பத்து டெசிபலாவது குறைந்தால்தான் ‘பாதி’ என்று ஒப்புக்கொள்ளும். சூடு விஷயத்தில் மட்டும் மறுப்பே இல்லை. சித்தப்பா இப்போது திண்டிவனம் தாண்டியும் முன்னால்தான் இருக்கிறார். குழந்தைகளுக்குக் கதை நின்றுபோனதில் சிறு வருத்தம்.

ஆனால் பெரிய சத்தம் ஓய்ந்ததும் சின்னச் சத்தங்கள் மேடையேறின. ஜாக்கி உருளுகிறது. டேஷ்போர்டு பிள்ளையார் கிடுகிடுவென்று நடுங்குகிறார். பின்சீட்டில் யாரோ என் டிரைவிங்கைப் பற்றிப் பேசுகிறார்கள். பாயிடம் முறையிட்டேன். “அது எல்லாம் அப்பவே இருந்தது சார், இப்பத்தான் கேக்குது” என்றார்.

ஆகவே, வண்டிக்கு இந்த வேலை செய்யப் போகிறவர்கள் முதலில் பீடிங்கைப் பாருங்கள்; ஷீட் கடை எங்கும் ஓடிவிடாது. சந்துகளை அடைக்கும் உற்சாகத்தில் கதவின் அடி விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகளையும் அடைத்துவிடாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அதுதான் வழி. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.