கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இடமாற்றமும் புது நியமனமும் கிடைத்தவர்களின் கேள்விகள் இந்த முறை குவிந்திருக்கின்றன. வேலை இருக்கும் இடம் தெரியும், வீடு எங்கே எடுப்பது என்பதுதான் எல்லாருக்கும் தலையிடி.

கே: ஹட்டனிலிருந்து தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்திருக்கிறது. போடிங் பதுளையில் எடுப்பதா, பண்டாரவளையிலா?
– புதிய ஆசிரியை, ஹட்டன்

ப: முதலில் வாழ்த்துகள். பண்டாரவளையிலிருந்து கும்பல்வெல, தெமோதரை, ஹாலிஎல வழியாகப் பதுளைக்கு இறங்கும் வீதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஊரிலிருந்தும் தெமோதரைச் சந்திக்கு வந்துவிடலாம். சிக்கல் சந்தியில் இறங்கிய பிறகுதான் ஆரம்பம். அங்கிருந்து பாடசாலை வரை தோட்டத்து ரோட்டில் ஏற வேண்டிய அந்த இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் உங்கள் உண்மையான பயணம். அதற்கு ஆட்டோ எவ்வளவு கேட்கிறது, மழை நாளில் அந்த ஆட்டோ வருமா, நடந்தால் எத்தனை நிமிடம் என்று அங்கே படிப்பிக்கிறவர்களிடம் கேளுங்கள்.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். பதுளை ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பண்டாரவளை 1,200 மீட்டருக்கும் மேலே. விடிய ஐந்து மணிக்குக் குளிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்! தூரத்திலும் பதுளைதான் கிட்ட. ஆனாலும் உங்கள் பாடசாலை ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வேன் பிடித்து வருகிறார்களென்றால், அந்த வேன் எந்த ஊரிலிருந்து புறப்படுகிறதோ அந்த ஊரிலேயே அறை பாருங்கள். மலையில் நல்ல சக ஆசிரியை நல்ல வீட்டை விடப் பெரிய வசதி.

கே: போனில் மெப்பைப் பார்த்தால் எல்லவும் தெமோதரையும் பக்கத்துப் பக்கத்து ஊர். எல்லவில் தங்கி தினமும் கோச்சியில் தெமோதரைக்கு வேலைக்கு வந்து போகலாமா?
– வங்கி ஊழியர், எல்ல

ப: மெப் தட்டையானது, ஊவா தட்டையானது அல்ல. அதற்குச் சாட்சி தெமோதரை ஸ்டேஷனே. மேலேயிருந்து வரும் ரயிலை நேரே கீழே இறக்கினால் சரிவு தாங்காது என்பதால், ஸ்டேஷனைத் தாண்டிய தண்டவாளத்தை மலையைச் சுற்றிக் கொண்டுவந்து, அதே ஸ்டேஷனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைத்துவிட்டார்கள். 1924இல் பதுளை வரை ரயில் வந்ததே இந்த வளையத்தின் புண்ணியத்தால்தான். ஒரே இடத்தை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை கடந்தால்தான் ரயில் முன்னேற முடிகிற ஊரில், நேர்கோட்டுத் தூரத்தை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாமா?

இன்னும் இரண்டு விஷயம். இந்தப் பாதையில் ஓடும் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டமும் அதே பெட்டிகளில்தான் ஏறுகிறது. மண் சரிந்தால் முதலில் நிற்பதும் ரயில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகப் பாதை எப்படிச் சிதைந்தது என்று பார்த்தோம். ஆகவே ரயில் பயணம் இனிமையான உபரியாக இருக்கட்டும், வீட்டை பஸ்ஸை நம்பி எடுங்கள். எல்லவில் வாடகை கேட்கும்போது இன்னொன்றும் தெரியவரும்: அங்கே ஒரு அறையை இரவுக்கணக்கில் உல்லாசப் பயணிக்குக் கொடுக்க முடிகிறபோது, மாதக்கணக்கில் உங்களுக்குக் கொடுக்க வீட்டுக்காரருக்கு அவசரமிருக்காது.

கே: பதுளை டவுனில் வாடகை அதிகம். பசறைக்கு உள்ளே போனால் பாதிதான். ஆனால் வேலைக்குப் போய்வர நாளைக்கு இரண்டு மணித்தியாலம் கூடுதலாகச் செலவாகும். எது லாபம்?
– காரியாலய எழுதுவினைஞர், பதுளை

ப: மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வையுங்கள். நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் 44 மணித்தியாலம். நீங்கள் ஒரு முழு வாரம் காரியாலயத்தில் இருக்கும் நேரத்தைவிட அதிகம். அந்த வாரத்துக்குச் சம்பளம் யாரும் தரப்போவதில்லை.

புருனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனிக் குடும்பங்களின் விவரங்களை வைத்து இதை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூரத்திலிருந்து வருகிறவர் கூடுதல் சம்பளத்துக்கோ குறைந்த வாடகைக்கோ ஆசைப்பட்டுத்தானே அந்தப் பயணத்தை ஏற்றுக்கொள்கிறார், அந்த லாபம் களைப்பைச் சரிக்கட்டியிருக்க வேண்டும் அல்லவா? சரிக்கட்டவில்லை. பயணம் நீள நீள, வாழ்க்கையில் தங்களுக்கு இருப்பதாகப் பயணிகள் சொன்ன திருப்தி குறைந்துகொண்டே போனது. வாடகை மிச்சம் கைக்கு உடனே தெரிகிறது. தூக்கம் குறைவதும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க முடியாமல் போவதும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை, டவுனுக்குக் கிட்ட எடுங்கள்.

கே: கணவருக்கு மஹியங்கனையில் வேலை, எனக்குப் பண்டாரவளையில். நியாயமாக நடுவில், பதுளையில் வீடு எடுக்கலாம் என்கிறார். சரியா?
– தாதி உத்தியோகத்தர்

ப: இருவரும் சமமாகக் களைத்துப்போவதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருக்கிறார்! பிள்ளைகள் இருந்தால், அவர்கள் படிக்கும் பாடசாலைதான் நடு. பிள்ளைகள் இல்லையென்றால், இரவு வேலை உள்ளவருக்குக் கிட்ட வீடு இருக்க வேண்டும். உங்களுக்கு வார்ட்டில் இரவு முறை வரும். இருட்டில் மலைவீதியில் தனியாக வர வேண்டியவரின் பாதுகாப்பு மற்றவரின் ஒரு மணித்தியாலத்தைவிடப் பெறுமதியானது. பண்டாரவளைப் பக்கமே பாருங்கள். மஹியங்கனைக்குப் போகிறவர் வாரநாட்களில் அங்கேயே ஒரு சின்ன அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை சிரித்த முகத்தோடு வரட்டும். தினமும் சிடுசிடுவென்று வருவதைவிட அது குடும்பத்துக்கு நல்லது.

கே: வேலை இடத்துக்கு நடந்தே போகலாம், வாடகையும் மலிவு. வீடு ஒரு சரிவுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். எடுக்கலாமா?
– ஒரு இளைஞர், ஹாலிஎல

ப: அந்த "அவ்வளவுதான்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்களை மண் மூடியது நம் பதுளை மாவட்டத்தில்தான். அங்கே அபாயம் இருக்கிறது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு மாற்று இடம்தான் அந்த மக்களுக்கு இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

வீடு பார்க்க ஓகஸ்ட் மாதத்துக் கச்சான் காற்றில் போகாதீர்கள், அப்போது எந்தச் சரிவும் சாதுவாகத்தான் தெரியும். எங்களுக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அந்த மாதங்களில் போய்ப் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த தூண், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போன கதவு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கிராம சேவகரிடம் கேளுங்கள். மண்சரிவு அபாயத்தைச் சோதித்துச் சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அதற்குப் பதுளையில் அலுவலகம் உண்டு. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐப் போனில் பதிந்து வையுங்கள்.

கே: எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நாங்கள் லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கு ஐந்து நிமிடத்தில் போவோம். பேத்தி பதுளையில் வேலை கிடைத்ததும் அங்கேயே அறை எடுக்கப் போகிறாளாம். லயத்திலிருந்து போய்வந்தால் என்ன?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, தெமோதரை

ப: அம்மா, உங்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தை யாரும் பரிசாகத் தரவில்லை. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆள் நேரத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத் தோட்டம் லயத்தைக் கொழுந்துக்குப் பக்கத்திலேயே கட்டியது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் அந்தக் கூரையோடு சேர்ந்தே வந்தது. உங்கள் தாத்தா காலத்தில் இன்னும் மோசம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, கங்காணியிடம் பட்ட கடன் எழுதிய "துண்டு" வேண்டும். அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான். வேலைக்கு மிகப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் நம் மக்கள்தான். அந்தக் குடியிருப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை.

உங்கள் பேத்தி தேர்ந்தெடுக்கிறாள். அவள் தோட்டத்து மேல்கணக்கிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, பதுளைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பி மலையேற வேண்டும். 4.15க்குக் காரியாலயம் விட்டால் எந்த பஸ் கிடைக்கும், சந்தியிலிருந்து லயத்துக்கு யார் துணை என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். காலையில் எந்த வீட்டிலிருந்தும் வேலைக்குப் போய்விடலாம். கடைசி பஸ்ஸைப் பற்றிய பயம் இல்லாமல் திரும்பி வர முடிகிற வீடுதான் வேலைக்குப் போகிறவளுக்கு ஏற்ற வீடு. அவள் பார்த்த அறைக்கு ஒரு நாள் நீங்களும் போய், தாழ்ப்பாளையும் தண்ணீரையும் பாருங்கள், வீட்டுக்கார அம்மாவோடு பத்து நிமிடம் பேசுங்கள். மனதுக்குப் பிடித்தால் முதல் மாத அட்வான்ஸில் உங்கள் பங்கும் இருக்கட்டும்.